மூன்று கிராமும் ஒரு விரற்கடையும்

எடை போடும் கருவி எதுவானாலும் அந்தப் பட்டறையில் பழுது பார்ப்பார்கள். நகைக்கடையின் குட்டித் தராசும் வரும், கிடங்கில் மூட்டை ஏற்றும் மேடைத் தராசும் வரும். எல்லாம் சரிசெய்து முடித்த பிறகு கடைசியாக ஒரு கைக்குப் போகும். அந்தக் கை சரி என்று சொன்னால்தான் தராசு வாசல் தாண்டும். அந்தக் கைக்குச் சொந்தக்காரியை ஊரில் மில்லி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மில்லிகிராம் பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவாள் என்பதால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை இப்போது வங்கிக்காரர்கள் மட்டும்தான் கூப்பிடுகிறார்கள், அதுவும் தப்பாக.

வயது நாற்பத்து நான்கு. பள்ளிக்கூடம் முடித்த கையோடு பட்டறைக்கு வந்தவள். சோதனை எடைக்கற்களை ஒரு மரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு பேருந்தில் ஏறிக் கடை கடையாகப் போய்வருவாள். கூட்டத்தில் யாராவது இடித்தால் முதலில் பெட்டியைப் பார்ப்பாள், அப்புறம்தான் இடித்தவனைப் பார்ப்பாள். எடைக்கல்லை வெறுங்கையால் தொடவே மாட்டாள். விரல் வியர்வை ஒட்டினால் கல் பொய் சொல்லும் என்பாள். எந்தத் தராசையும், அது புத்தம் புதிதாக உறை பிரிக்காமல் வந்தாலும், கல் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டாள்.

இத்தனை திறமை இருந்தும், இரண்டு வருஷமாக அவளுடைய முழுநேர வேலை தூது போவதாகவே இருந்தது.

பட்டறையில் மொத்தம் மூன்றே பேர். அவள், அவளுடைய அண்ணன், அவளுடைய கணவர். பன்னிரண்டடி நீளத்துக்கு ஒரே பலகையில் செய்த வேலை மேசை. அதன் இந்தக் கோடியில் அண்ணன், அந்தக் கோடியில் கணவர், நடுவில் இவள். அண்ணனும் கணவரும் பேசிக்கொள்வதில்லை. ஒரு காலத்தில் ஒரே சைக்கிளில் இரண்டு பேரும் ஊரைச் சுற்றியவர்கள். அண்ணன்தான் சிநேகிதனைப் பட்டறைக்குக் கூட்டிவந்தார், அண்ணன்தான் தங்கையையும் கட்டிக்கொடுத்தார். பதினேழு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. ஒரு நாள் கிடங்குக்காரர் ஒருவர் முன்னால், அண்ணன் சரிபார்த்து வைத்திருந்த எடைக்கல்லை எடுத்து வைத்துப் பார்த்த கணவர், "இது ரெண்டு கிராம் குறையுதே" என்று சொல்லிவிட்டார். குறைந்தது உண்மை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் என்பதும் உண்மை.

"நான் கூட்டிட்டு வந்து உக்கார வெச்ச ஆளு, எனக்கே கல்லு பாக்குறாரா?" என்றார் அண்ணன், கிடங்குக்காரர் போன பிறகு. அதைக்கூட இவளைப் பார்த்துத்தான் சொன்னார். அன்றைக்கு ஆரம்பித்தது.

"உன் வீட்டுக்காரர்கிட்ட அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவரக் கேளும்மா."

"உங்கண்ணன்கிட்ட சொல்லு, அது அவர் பக்கத்துலயேதான் கெடக்கு."

கையை நீட்டினால் எட்டும் தூரம். ஆனால் செய்தி இவள் வாய் வழியாகத்தான் போகவேண்டும். முதல் மாதம் சிரிப்பாக இருந்தது. மூன்றாம் மாதம் எரிச்சலாக இருந்தது. இரண்டாம் வருஷம், தூக்கத்தில்கூட யாருக்கோ எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது அதுவும் முற்றிப்போய், பட்டறையை இரண்டாகத் தடுத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. யார் முதலில் சொன்னது என்று இவளுக்கே மறந்துவிட்டது, ஏனென்றால் இரண்டு பக்கத்துக்கும் சொன்ன வாய் இவளுடையதுதான். மூன்று பிளைவுட் பலகைகள் வந்து சுவரில் சாய்ந்து நின்றன. தச்சர் அடுத்த மாதம் இரண்டாவது திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். வேலை மேசையை நடுவில் அறுத்து, அந்த இடத்தில் தடுப்பு நிற்கும். ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் கணவர். இவள் எந்தப் பக்கம் உட்காருவாள் என்று இரண்டு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தொழிற்பயிற்சிக் கூடத்தின் ஆய்வறைத் தராசுகளைப் பார்க்கப் போனவள், அங்கே பலகையில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தாள். பட்டறைக்காரர்களுக்கான போட்டி. கையால் வீசிவிடும் சின்ன மாதிரி கிளைடர், அதாவது எஞ்சின் இல்லாமல் காற்றிலேயே மிதந்து இறங்கும் விமானம். அதைத் தாங்களே வடிவமைத்துச் செய்துகொண்டு வரவேண்டும். அதிக நேரம் காற்றில் நிற்பது ஜெயிக்கும். ஓர் அணிக்கு மூன்று பேர், மூன்று பேரும் கையெழுத்துப் போடவேண்டும். போட்டி நடப்பது தச்சர் வரும் திங்கட்கிழமைக்கு முந்தின நாள்.

மூன்று பேர் என்பதைப் படித்ததும் அவளுக்கு மூளையில் பல்ப் எரிந்தது. ஒரு பொருளை இரண்டு பேர் சேர்ந்து செய்தால் பேசாமல் செய்யமுடியுமா? முடியாது என்று நினைத்தாள். பாவம்.

அண்ணனிடம் போய், "அவர் கையெழுத்துப் போட்டுட்டாரு, நீங்கதான் பாக்கி" என்றாள். கணவரிடம் போய், "அண்ணன் போட்டாச்சு, நீங்க போட்டா முடிஞ்சுது" என்றாள். பொய்தான். ஆனால் இரண்டு வருஷம் உண்மையைச் சுமந்தவளுக்கு ஒரு பொய் சொல்ல உரிமை இருக்கிறது. இரண்டு பேரும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள்.

வேலையை அவளே பிரித்துக்கொடுத்தாள். அண்ணனுக்கு உடல், கணவருக்கு இறக்கை, வாலும் கணக்கும் இவளுக்கு. அண்ணன் இலேசான மரக்குச்சி ஒன்றைச் செதுக்கித் தேய்த்து முழங்கைக்குக் கொஞ்சம் மேலான நீளத்தில் உடல் செய்தார். கணவர், தராசுகள் வரும் அட்டைப்பெட்டியிலிருந்து தெர்மாகோலை எடுத்துச் சூடான கம்பியால் அறுத்து இறக்கை செய்தார். உடலின் மேல் இறக்கையை வைத்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவது, கழற்றி மாட்ட வசதி. இறக்கை எங்கே உட்காரவேண்டும் என்று உடலில் பென்சில் கோடு. எல்லாம் சேர்ந்து முப்பத்தெட்டு கிராம். இரண்டு பேரும் தனித்தனியே அற்புதமாகத்தான் செய்தார்கள். அதுதான் அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

பேச்சுதான் வரவில்லை. கடைசியில் ஒரு நோட்டைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தாள். "யார் எத மாத்துனாலும் இதுல எழுதணும். எழுதாம எவனும் கை வைக்கக் கூடாது" என்றாள். எவன் என்று சொன்னது வேண்டுமென்றேதான். நோட்டில் எழுத்து வந்தது, மனுஷ வாசனை வரவில்லை. 'இறக்கையின் முன் ஓரம் தேய்க்கப்பட்டது.' 'உடலின் அடிப்பாகம் மெலிவிக்கப்பட்டது.' அரசாங்க அறிவிப்புகூட இதைவிடக் கொஞ்சம் பாசமாக இருக்கும்.

எடை சமமாக நிற்கும் இடம் எங்கே இருக்கவேண்டும் என்ற கேள்வி வந்தபோது மட்டும் மூன்று பேருக்கும் ஒரே கருத்து. நடுவில். இதில் என்ன சந்தேகம்? வாழ்நாள் முழுக்கத் தராசின் முள்ளை நடுவில் நிறுத்தியவர்கள். இறக்கையின் அகலத்தை அளந்து, சரிபாதியில் விரலை வைத்துத் தூக்கினால் கிளைடர் இம்மி சாயாமல் நிற்கவேண்டும் என்று இறக்கையை வைத்தார்கள். நின்றது. மில்லி அக்கா இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "சரி" என்றாள். இரண்டு வருஷத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. அதுவும் தப்பு.

பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால் ஒரு மைதானம். காலையில் பட்டறை திறப்பதற்கு முன்னால் அங்கே போனார்கள். யார் வீசுவது என்று பேச்சே எழவில்லை, இவள்தான். ஒருவர் வீசினால் மற்றவர் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். வீசினாள். கிளைடர் நாலு அடி போயிற்று, மூக்கைத் தூக்கிற்று, மேலே ஏறிற்று, அந்தரத்தில் யோசித்தபடி ஒரு கணம் நின்றது, வால் முன்னால் வரப் பொத்தென்று விழுந்தது. மெதுவாக வீசினாள். அப்படியே. கீழ்நோக்கி வீசினாள். அப்படியே. அன்றைக்கு இருபத்தாறு தடவை வீசினாள். தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம்.

"மூக்குல எடை பத்தல. ஒரு மூணு கிராம் ஈயம் வெச்சா நேரா போகும்னு உங்கண்ணன்கிட்ட சொல்லு" என்றார் கணவர்.

"எடையெல்லாம் சரியாத்தான் இருக்கு. எறக்கைதான் முன்னாடி ஏறி உக்காந்திருக்கு. ஒரு விரற்கடை பின்னாடி தள்ளச் சொல்லும்மா" என்றார் அண்ணன்.

அவள் பயிற்சிக் கூடத்துக்குள் போய், போட்டி நடத்துகிறவர்கள் கொடுத்த துண்டுத்தாளை வாங்கிவந்து படித்தாள். எடை சமமாகும் இடம் இறக்கையின் நடுவில் இருக்கக்கூடாதாம். முன் ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கவேண்டுமாம். அதாவது இரண்டு பேர் சொன்னதும் ஒன்றுதான். மூக்கில் எடை ஏற்றினாலும் அந்த இடம் முன்னால் நகரும், இறக்கையைப் பின்னால் தள்ளினாலும் அதே கதைதான். கல்லை நகர்த்துவதும் தாங்கும் முனையை நகர்த்துவதும் ஒன்று என்று நூறு கடைக்காரர்களுக்கு விளக்கிச் சொன்ன வாய்கள் இவை.

படித்துக் காட்டினாள்.

"நான் சொன்னதுதான்" என்றார் அண்ணன்.

"நான் சொன்னதத்தான் எழுதியிருக்கான்" என்றார் கணவர்.

"அப்ப ஏதாவது ஒண்ண செஞ்சு தொலைங்களேன்!"

அண்ணன் தன் மூக்கில் ஈயம் ஏற்ற மாட்டாராம். ஏற்றினால் அவர் செய்த உடலில் குறை என்று ஆகிவிடும். கணவர் தன் இறக்கையை நகர்த்த மாட்டாராம். நகர்த்தினால் இறக்கையை வைத்தது தப்பு என்று ஆகிவிடும். அடுத்த இரண்டு வாரமும் ஏட்டிக்குப் போட்டிதான். வாலைக் கொஞ்சம் சாய்த்தார்கள், இறக்கை நுனியை மடித்தார்கள், தேய்க்காத இடத்தையெல்லாம் தேய்த்தார்கள். தேவையான அந்த ஒன்றை மட்டும் செய்யவில்லை. நோட்டு பாதி நிறைந்தது. தினமும் காலையில் அவள் வீசினாள், அது மூக்கைத் தூக்கிற்று, விழுந்தது. மைதானத்தில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் நின்று, "காத்து சரியில்லம்மா" என்று ஆறுதல் சொன்னார். அவரைக் கடித்துத் துப்பலாம்போல் வந்தது அவளுக்கு.

வெள்ளிக்கிழமை காலை அவளுக்கு வெறுத்துப்போயிற்று. கிளைடரை மேசை நடுவில் வைத்தாள்.

"இனிமே யாரும் தொடவேணாம். இது இப்ப எப்படி இருக்கோ அப்படியே ஞாயித்துக்கெழம போய் வீசுறேன். விழுந்தா விழட்டும். திங்கக்கெழம தச்சர் வரட்டும். ஆளுக்கு ஒரு பக்கம் உக்காந்துக்கிட்டு நிம்மதியா இருங்க."

இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்த்தார்கள். மறுநாள் சனிக்கிழமை அவள் எடைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு சந்தையின் கடைகளுக்குப் போய்விட்டாள். நாள் முழுக்க அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டைப் புரட்டினாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. இறக்கை பென்சில் கோட்டில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். உட்கார்ந்திருந்தது. கிளைடரை அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டாள். பட்டறையில் அன்றைக்குப் பதினொரு தராசுகள் சும்மா உட்கார்ந்திருந்தன. ஒன்றில்கூட அதை வைத்துப் பார்க்கவில்லை. புதுத் தராசையே நம்பாதவள் ஒரு நோட்டை நம்பினாள்.

மைதானத்தில் பதினான்கு அணிகள். சைக்கிள் கடைக்காரர்கள், அச்சகத்துக்காரர்கள், குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர்கள். பயிற்சிக் கூடத்து ஆசிரியர் ஒருவர் கழுத்தில் விசிலோடு நின்றார். ஓர் அணிக்கு ஐந்து நிமிஷம், அதற்குள் மூன்று வீச்சு. ஒத்திகைக்கு வீச அனுமதியில்லை. இவர்களுக்கு முன்னால் வந்த அச்சகத்துக்காரர்களின் கிளைடர், வெறும் காலண்டர் அட்டையில் செய்தது, பதினொரு வினாடி அலுங்காமல் மிதந்து போயிற்று. அவர்கள் மூன்று பேரும் கத்திக்கொண்டே அதன் பின்னால் ஓடினார்கள். மில்லி அக்காவுக்கு அந்தக் கிளைடரின் மேல் பொறாமை வரவில்லை, அந்தக் கத்தலின் மேல்தான் வந்தது.

விசில் ஊதியது. வீசினாள்.

கிளைடர் மூக்கைத் தூக்கவில்லை. பின்னால் ஓட அவள் ஓர் அடி எடுத்துவைத்தாள். அடுத்த கணம் அது மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு எட்டடி தூரத்தில் நேராகத் தரையில் போய்க் குத்தியது. இத்தனை நாளில் இப்படி ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

அண்ணன் ஓடிப்போய் எடுத்தார். எடுத்தவர் உடனே கொண்டுவரவில்லை. முதுகைக் காட்டி நின்று, பேனாக்கத்தியால் மூக்கின் அடியில் எதையோ நோண்டினார். கையைச் சட்டைப்பையில் விட்டு எடுத்தார். திரும்பி வந்து நீட்டியபோது, "தூசு ஒட்டியிருந்துச்சு" என்றார். அவள் வாங்குவதற்குள் கணவர் குறுக்கே கைநீட்டி வாங்கிக்கொண்டார். "ரப்பர் பேண்ட் தளர்ந்திருக்கு, சரிபண்றேன்" என்று அவரும் அந்தப் பக்கம் திரும்பி நின்றார். இரண்டு வீச்சுக்கு நடுவில் இரண்டு முதுகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்க நேரமில்லை.

இரண்டாவது தடவை வீசினாள். நாலு அடி போயிற்று. மூக்கைத் தூக்கிற்று. அந்தரத்தில் நின்றது. வால் முன்னால் வரப் பொத்தென்று விழுந்தது. முதல் நாள் விழுந்ததைப்போலவே, அச்சு அசலாக.

இந்தத் தடவை அவளே போய் எடுத்தாள். மூக்கின் அடியில் ஒரு குட்டித் துளை. துளையின் விளிம்பில் மரத்தூளும் பசையும் கலந்து அடைத்திருந்த தடம். எடைக்கல்லின் அடியில் ஈயம் வைத்து அடைக்கும் அதே கைவேலை. வைத்த தடம் தெரியவே கூடாது என்பது அந்தப் பட்டறையின் பெருமை. இறக்கையைத் தூக்கிப் பார்த்தாள். பழைய பென்சில் கோடு சுரண்டப்பட்டு, ஒரு விரற்கடை பின்னால் புதுக்கோடு. அதுவும் தடம் தெரியாமல். இறக்கை இப்போது புதுக்கோட்டில் இல்லை, சுரண்டிய பழைய இடத்துக்கே திரும்பி வந்திருந்தது.

புரிந்தது. சனிக்கிழமை அவள் இல்லாத நேரத்தில் அண்ணன், மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டு மூக்கில் ஈயம் வைத்திருக்கிறார். கணவர், மச்சான் சொன்னதைக் கேட்டு இறக்கையைப் பின்னால் தள்ளியிருக்கிறார். ஒருவர் மட்டும் செய்திருந்தால் பறந்திருக்கும். இரண்டும் சேர்ந்து குப்புறத் தள்ளிவிட்டது. இப்போது இரண்டு பேரும் அவரவர் செய்ததை அவரவர் எடுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் எடுத்திருந்தால் பறந்திருக்கும்.

நேரே அண்ணனிடம் போய், அவர் சட்டைப்பையில் கைவிட்டு ஈயத்தை எடுத்தாள். கையில் வைத்ததுமே தெரிந்தது, மூன்று கிராம். அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"திருட்டுத்தனமா வெச்சீங்களா? இவர் திருட்டுத்தனமா எறக்கைய நகத்தியிருக்காரு! ரெண்டு பேரும் விட்டுக்குடுத்திருக்கீங்க, வாயத் தொறந்து சொல்றதுக்கு மட்டும் வலிக்குது! நோட்டு எதுக்கு வெச்சேன்? நான் எதுக்கு இருக்கேன்?" குரல் உடைந்துவிட்டது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள், ஆனாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவமானத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

கணவர் ஈயத்தைப் பார்த்தார். சுரண்டிய கோட்டை அண்ணன் பார்த்தார்.

"நீங்க எதுக்கு மச்சான் ஈயம் வெச்சீங்க?"

"நீங்கதான மாப்ள வைக்கச் சொன்னீங்க? நீங்க எதுக்கு எறக்கையத் தள்ளுனீங்க?"

"நீங்கதான தள்ளச் சொன்னீங்க!"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொண்ட முதல் பேச்சு. அவளுக்கு மேல்மூச்சு வாங்கிற்று. இன்னும் ஒன்றரை நிமிஷம் இருந்தது, ஒரு வீச்சு பாக்கி இருந்தது. ஈயத்தை மறுபடி அமுக்கினால் போதும், அல்லது இறக்கையைத் தள்ளினால் போதும். ஏதாவது ஒன்று.

"ஈயத்தையே வெச்சிடலாம். நீங்க சொன்னதே இருக்கட்டும்" என்றார் அண்ணன்.

"வேணாம் வேணாம், எறக்கையத் தள்ளிடுவோம். நீங்க சொன்னதுதான் சரி" என்றார் கணவர்.

"அதெல்லாம் இல்ல, உங்க யோசனைதான்."

"சும்மா இருங்க மச்சான், உங்க கணக்குதான் சரி."

"நான் சொல்றேன்ல?"

"எல்லாத்துலயும் நீங்க சொல்றதுதானா?"

குரல் ஏறியது. விட்டுக்கொடுப்பதிலும் யார் ஜெயிப்பது என்று இரண்டு பேரும் ஆளுக்கு ஓர் இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் பிடுங்கப் போனாள். விசில் ஊதியது. ஐந்து நிமிஷம் முடிந்துவிட்டது.

மூன்றாவது வீச்சு வீசப்படவே இல்லை. அச்சகத்துக்காரர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இவர்கள் மூன்று பேரும் மைதானத்தின் வாசல்வரை ஒன்றாக நடந்தார்கள், பேசவில்லை. அங்கே அண்ணன் இடதுபக்கம் திரும்பினார், கணவர் வலதுபக்கம் திரும்பினார். இரண்டு வருஷம் தவம் கிடந்து வாங்கிய பேச்சு ஒன்றரை நிமிஷத்தில் தீர்ந்துபோயிற்று.

சாயங்காலம் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அவளிடம் கணவர் வந்து நின்றார். "நாளைக்கு அந்தத் தடுப்பு... உடனே போட்டாத்தான் ஆகணுமான்னு உங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாரேன்."

"கேக்க மாட்டேன்."

"ஏன்?"

"நாளைக்குக் காலைல அவர் அங்கதான் இருப்பாரு. வாய் இருக்குல்ல? கேளுங்க."

அரைமணி நேரத்தில் அண்ணன் போன் செய்தார். "அந்தப் பலகை விஷயமா மாப்பிள்ள என்ன நெனைக்கிறாருன்னு தெரிஞ்சுக்கிட்டா நல்லாருக்கும். நீ பக்குவமா…"

"அண்ணே, என் வாய் ரிப்பேரு. இனிமே ஓடாது" என்று சொல்லி வைத்துவிட்டாள். இரண்டு செய்தியும் ஒரே செய்திதான். கொண்டுபோய்ச் சேர்த்தால் பட்டறை பிழைக்கும் என்று தெரியும். சேர்த்தால் அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் இப்படியே சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் தெரியும்.

திங்கட்கிழமை தச்சர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கலகலப்பான மனுஷர். பலகைகளைத் தட்டிப் பார்த்தார், டேப்பை இழுத்தார், வேலை மேசையின் நடுவை அளந்து பென்சிலால் கோடு போட்டார். கோடு சரியாக மில்லி அக்கா உட்காரும் இடத்தில் விழுந்தது.

"இங்கதானே?" என்றார்.

அண்ணன் இவளைப் பார்த்தார். கணவரும் இவளைப் பார்த்தார். அவள் எழுந்து, தன் தராசை எடுத்துக்கொண்டு மேசையை விட்டு விலகி, ஜன்னலோரம் ஒரு பெட்டியின் மேல் வைத்து, இடுக்கியால் கற்களை அடுக்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து. முதுகைத் திருப்பிக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், வாயை மட்டும் திறக்கவில்லை.

"சரி, மௌனம்னா சம்மதம்னு எடுத்துக்குறேன்" என்று தச்சர் ரம்பத்தை எடுத்தார். கோட்டில் வைத்தார். ஓர் இழுப்பு, இரண்டு இழுப்பு. பழைய மரம், தூள் செம்மண் நிறத்தில் கொட்டியது. அண்ணன் தன் கோடியில் கையிலிருந்த திருகாணியைத் திருகிக்கொண்டே இருந்தார், அது எப்போதோ இறுகிவிட்டது. கணவர் எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார். ரம்பம் ஒரு விரல் ஆழம் இறங்கிற்று. மில்லி அக்காவின் இடுக்கியிலிருந்து ஒரு கல் நழுவித் தட்டில் விழுந்தது. அவள் வாழ்க்கையில் அப்படி நழுவியதில்லை.

"மச்சான்" என்றார் கணவர். கனைத்துக்கொண்டார். "மச்சான், நிறுத்தச் சொல்லுங்க."

அண்ணன் திருகாணியைக் கீழே வைத்தார். "யோவ், நிறுத்துய்யா" என்றார் தச்சரிடம். பிறகு கணவரைப் பார்த்து, "இத ஒரு நிமிஷம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா மாப்ள?" என்றார்.

"நீங்க சொல்லியிருக்கலாமே?"

தச்சர் ரம்பத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினார். "இப்ப என்னக்கா, அறுக்கணுமா வேணாமா?"

"எங்கிட்ட கேக்காதீங்க" என்றாள் அவள். "அங்க ரெண்டு பேர் இருக்காங்க, அவங்களக் கேளுங்க."

தச்சர் கேட்டார். இரண்டு பேரும் வேண்டாம் என்றார்கள். வந்த வேலைக்கு என்ன வழி என்று அவர் முணுமுணுக்க, பலகைகளைச் சுவரலமாரியாக அடிப்பது என்று பேசி, அலமாரிக்கு எத்தனை தட்டு என்பதில் உடனே அண்ணனுக்கும் கணவருக்கும் வாக்குவாதம் வந்தது. நாலு என்றார் இவர், ஐந்து என்றார் அவர். நேருக்கு நேர், சத்தமாக. மில்லி அக்காவுக்குத் தலை வலித்தது. ஆனால் அந்த வலி அவள் வழியாகப் போய்வரவில்லை.

மத்தியானம் தச்சர் போன பிறகு அண்ணன் மேசை நடுவில் வந்து நின்று, ரம்பம் இறங்கிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். கணவரும் வந்தார். மரத்தூளைக் கையில் கூட்டி எடுத்தார்.

"பசை போட்டு இந்தத் தூளாலயே அடைச்சிடலாம் மச்சான். தடமே தெரியாது."

"மேல ஒரு தேய்ப்பு தேய்ச்சா போதும்."

"யாராவது அதுல கை வெச்சீங்க, பாத்துக்கோங்க" என்றாள் மில்லி அக்கா. தராசைத் தூக்கிவந்து வெட்டின் மேலேயே வைத்து, தன் இடத்தில் உட்கார்ந்தாள். "அடைக்க வேணாம். தெரியட்டும்."